இருவர் பார்க்க ஒரு பாழ்நகரம்: வாசகர் கேள்வி – பதில்

தம்பதியாகப் பழைய நகரங்களையும் கோயில்களையும் கல்லறைகளையும் பார்க்கப் புறப்படுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: திருமணமான கையோடு இத்தாலிக்கு ஏழு நாள் போகிறோம். ரோம், பொம்பேய், ஹெர்குலேனியம், நேபிள்ஸ் அருங்காட்சியகம், பேஸ்டம் எல்லாமே பட்டியலில் இருக்கின்றன. பொம்பேய்க்கு அரை நாள் போதுமா?

போதாது. பொம்பேய் ஒரு கட்டடம் இல்லை, எரிமலை வெடித்துப் புதைந்த ஒரு முழு ஊர். மதிலுக்குள் ஏறத்தாழ 66 ஹெக்டேர். அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தோண்டி வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். தெருக்களில் பெரிய எரிமலைக் கற்கள் பாவியிருக்கும். நடுவில் வண்டிச் சக்கரம் அறுத்த பள்ளங்கள், இரண்டு பக்கமும் உயரமான நடைபாதை. சாதாரணச் சாலையில் நடக்கிற வேகத்தில் பாதிதான் இங்கே வரும். நிழலும் குறைவு.

நாங்கள் சொல்லும் கணக்கு இது: ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய இடம், அதுவும் நான்கு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதற்குப் பிறகு பார்க்கும் எதுவும் மனதில் தங்காது. எல்லாத் தூணும் ஒரே தூணாகத் தெரிய ஆரம்பிக்கும். பொம்பேய்க்கு ஒரு முழுக் காலைப்பொழுதைக் கொடுங்கள். மறுநாள் ஹெர்குலேனியத்துக்கு மூன்று மணி நேரம் போதும். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம், இருவரில் ஒருவருக்குக் கால்வலி என்றால் யோசிக்காமல் ஹெர்குலேனியத்தைத் தேர்ந்தெடுங்கள். சின்ன இடம். மாடி வீடுகள் இன்னும் நிற்கின்றன. சூடான எரிமலைச் சாம்பலில் புதைந்த மரம் கரியாகி அப்படியே தங்கியதால் உத்தரம், கதவு, தடுப்பு எல்லாவற்றையும் மரமாகவே பார்க்கலாம்.

நேபிள்ஸ் தேசிய தொல்லியல் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அந்த ஒரு நாளை மறந்துவிட்டு திட்டம் போடுகிறவர்கள் நிறையப் பேர். ரயிலில் போகிறவர்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. நேபிள்ஸிலிருந்து போகும் சிர்கும்வெசுவியானா ரயிலில் நீங்கள் இறங்க வேண்டியது ‘பொம்பேய் ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தெரி’ நிலையம். ஊர்ப் பெயர் மட்டும் உள்ள நிலையத்தில் இறங்கினால் பிரதான வாசலுக்கு வீணாக நடக்க வேண்டிவரும்.

பேஸ்டத்தை வெட்டிவிடுங்கள் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. மூன்று கிரேக்கக் கோயில்கள், கூரை தவிர மற்றதெல்லாம் ஏறக்குறைய நிற்கின்றன, கூட்டமும் குறைவு. ரோமில் ஒரு நாளைக் குறைத்து அங்கே போடுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஒவ்வொரு கல் முன்னாலும் அரை மணி நேரம் நிற்பார். எனக்கு இரண்டு மணி நேரத்தில் போதும் என்றாகிவிடும். கடைசியில் சண்டையில்தான் முடிகிறது. இந்த முறை துருக்கியில் எபேசஸ் என்ற பழைய நகரத்துக்குப் போகிறோம்.

யார்மீதும் தவறில்லை. இருவரின் வேகம் வேறு, அவ்வளவுதான். அதை வாசலில் நுழையும் முன்பே ஒப்புக்கொண்டு திட்டத்துக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

எபேசஸுக்கு மேல் வாசல், கீழ் வாசல் என இரண்டு உண்டு. மேல் வாசலில் தொடங்கினால் வழி முழுக்க இறக்கம். கீழே தொடங்கினால் வெயிலில் ஏற்றம். மேலிருந்து இறங்குங்கள். முதல் ஒன்றரை மணி நேரம் இருவரும் சேர்ந்து, மெதுவாக நடப்பவரின் வேகத்தில் அல்லாமல் சீக்கிரம் களைப்பவரின் வேகத்தில் நடங்கள். பிறகு ஒரு மணி நேரம் பிரிந்துகொள்ளுங்கள். அவர் கல்வெட்டுகளோடு இருக்கட்டும். நீங்கள் நிழலில் உட்காரலாம், அல்லது மலைச்சரிவு வீடுகளுக்குள் போகலாம். அவற்றுக்குத் தனிச்சீட்டு. மேலே கூரை போட்டிருக்கிறார்கள், உள்ளே தரைச் சித்திரங்களும் சுவரோவியங்களும் அவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. எங்களைக் கேட்டால் எபேசஸிலேயே நல்ல பகுதி அதுதான்.

சந்திக்கும் இடத்தைக் குறிக்கும்போது ‘வாசலில்’ என்று சொல்லாதீர்கள், வாசல் இரண்டு. ‘செல்சஸ் நூலகத்தின் படிக்கட்டு, வலது ஓரம், 11.30’ என்று சொல்லுங்கள். அலைபேசி சிக்னலை நம்ப வேண்டாம். பத்து நிமிடம் தாண்டினால் யார் யாரைத் தேடி வருவது என்பதையும் பேசி வையுங்கள். இருவரும் ஒருவரை ஒருவர் தேடிக் கிளம்பினால் அரை நாள் போய்விடும்.

சேர்ந்திருக்கும் நேரத்துக்கு ஒரு வேலைப் பங்கீடு உதவும். ஒருவர் கையில் வரைபடம், இன்னொருவர் வரைபடத்தைப் பார்க்காமல் கண்ணில் படுவதை மட்டும் சொல்ல வேண்டும். பாதி வழியில் மாற்றிக்கொள்ளுங்கள். ‘இங்கே ஒரு வாசல் அடைக்கப்பட்டிருக்கிறது’ என்று ஒருவர் சொல்ல, ‘படத்தில் அது தெருவாயிற்றே’ என்று மற்றவர் சொல்லும்போதுதான் அந்த இடம் பேச ஆரம்பிக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள்: ஒருவழிப் பாதை உள்ள இடங்களில் இந்தப் பிரிந்து சேரும் உத்தி நடக்காது. பெருவில் இன்கா மக்கள் மலைமேல் கட்டிய பழைய ஊரான மாச்சு பிச்சுவில் குறிக்கப்பட்ட சுற்றில்தான் போக வேண்டும், வந்த வழியே திரும்ப விடமாட்டார்கள்.

கேள்வி: உண்மையைச் சொன்னால் எங்களுக்கு எல்லாமே இடிந்த சுவராகத்தான் தெரிகிறது. வரலாறு படிக்காத இருவர் ஒரு தொல்லியல் தளத்தை எப்படிப் பார்ப்பது?

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் எங்களுக்கு மிகவும் பிடித்தது இது.

முதல் நாள் இரவு அந்த இடத்தின் தரைப்படத்தை ஒரு தாளில் எடுத்துக்கொள்ளுங்கள். அலைபேசித் திரை வெயிலில் தெரியாது. ஐந்து விஷயங்களை மட்டும் அதில் தேடிக் குறியுங்கள்: தண்ணீர் எங்கிருந்து வந்தது, கழிவு எங்கே போனது, மக்கள் எந்த வழியாக உள்ளே வந்தார்கள், எங்கே கூடினார்கள், எங்கே வழிபட்டார்கள். எந்தப் பாழ்நகரத்தின் கதையும் இந்த ஐந்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். மன்னர் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

தளத்துக்குப் போனதும் எல்லோரும் மேலே பார்ப்பார்கள். நீங்கள் முதலில் கீழே பாருங்கள். பொம்பேயில் கடைகளின் வாசற்படிக் கல்லில் நீளமாக ஒரு காடி (வெட்டிய பள்ளம்) ஓடும், அதன் ஒரு முனையில் குழி இருக்கும். காடியில் பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செருகிக் கடையை மூடினார்கள். குழி உள்ள முனையில் இருந்தது திறந்து மூடும் கதவு. காடி இல்லாத வாசல் என்றால் பெரும்பாலும் வீடு. இது ஒன்று தெரிந்தால் போதும், ஒரு தெருவில் எது கடை, எது வீடு என்று நீங்களே சொல்லிக்கொண்டு போகலாம். தெருவின் குறுக்கே உயரமான கற்கள் இடைவெளி விட்டு நிற்கும். மக்கள் காலில் சேறு படாமல் தெருவைக் கடக்க அவை உதவின, இடைவெளியில் வண்டிச் சக்கரம் போயிற்று. தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு கை ஊன்றி ஊன்றியே தேய்ந்திருக்கும்.

அடுத்து, சுவரில் உள்ள ஓட்டைகள். ரோமின் கொலோசியம் முழுக்க அம்மைத் தழும்பு போல ஓட்டைகள் இருக்கின்றன. கற்களைப் பிணைத்திருந்த இரும்புப் பட்டைகளைப் பிற்காலத்தில் உலோகத்துக்காகத் தோண்டி எடுத்த தழும்புகள் அவை. கம்போடியாவின் அங்கோர் கோயில்களின் மணற்கல் பாளங்களிலும் வட்டத் துளைகள் உண்டு. ஆனால் காரணம் வேறு. அந்தத் துளைகளில் முளையடித்துத்தான் பாளத்தைத் தூக்கி நகர்த்தினார்கள்.

மூன்றாவதாக, எது பழையது, எது பிற்காலத்தில் சேர்த்தது என்று பாருங்கள். ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலில் சில துண்டுகள் மற்றவற்றைவிட வெள்ளையாக இருக்கும். அவை புதிதாகச் செதுக்கிச் சேர்த்தவை. பார்ப்பவர் ஏமாறக் கூடாது என்பதால் வேறுபாடு தெரியும்படி விட்டிருக்கிறார்கள். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பழுது பார்த்தவர்கள் இரும்புப் பட்டைகளை வைத்தார்கள். இரும்பு துருப்பிடித்து உப்பியது, பளிங்கு வெடித்தது. இப்போது வேலை செய்பவர்கள் அவற்றை எடுத்துவிட்டு டைட்டானியம் வைக்கிறார்கள். பழுது பார்த்ததே ஒரு வரலாறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

நான்காவதாக, கூரை. அங்கோர் கட்டியவர்கள் உண்மையான வளைவைப் பயன்படுத்தவில்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் கற்களைச் சிறிது சிறிதாக உள்ளே நீட்டி மேலே சேர்த்தார்கள். அந்த முறையில் அகலமான இடத்தை மூட முடியாது. அத்தனை பெரிய கோயிலில் நடைக்கூடங்கள் ஏன் இவ்வளவு குறுகல் என்ற கேள்விக்குப் பதில் தலைக்கு மேலேயே இருக்கிறது. இன்கா சுவர்களில் பாருங்கள்: வாசல்கள் மேலே குறுகி, கீழே அகன்று இருக்கும். சுவரும் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். நிலநடுக்கம் வரும் பூமியில் நிற்பதற்கு அந்தச் சாய்வு துணை செய்கிறது.

கேள்வி: அருங்காட்சியகத்தை முன்னால் பார்ப்பதா, பின்னாலா?

ஓவியமும் சிலையும் எடுத்துச் செல்லப்பட்ட இடமாக இருந்தால் பின்னால். வெறும் சுவரைப் பார்த்துவிட்டு, அதில் இருந்ததை மறுநாள் பார்க்கும்போது மனம் தானே கொண்டுபோய் ஒட்டிவிடும். பொம்பேயின் ‘ஃபான் வீட்டில்’ தரையில் இருப்பது அலெக்சாந்தர் தரைச்சித்திரத்தின் நகல், அசல் நேபிள்ஸில் இருக்கிறது. துருக்கியில் உள்ள, வரலாற்றுக்கு முந்திய கோபெக்லி தெபே போல, மேடை மீதிருந்து எட்டிப் பார்க்க மட்டும் முடிகிற இடத்துக்கு முன்னால். அதன் பக்கத்து ஊரான ஷான்லிஉர்ஃபாவின் அருங்காட்சியகத்தில் அங்குள்ள ஒரு கட்டடத்தை அதே அளவில் நகலாகச் செய்து வைத்திருக்கிறார்கள். அதற்குள் நின்றுவிட்டுப் போனால் தூண்களின் உயரம் உடம்புக்குப் புரிந்திருக்கும்.

கேள்வி: டிக்கெட்டை ஆன்லைனில் எடுக்கும்போது எதில் தவறு நடக்கிறது?

பெயரில். கொலோசியம், பொம்பேய், மாச்சு பிச்சு மூன்றிலும் சீட்டு பெயரோடு வருகிறது. புதிதாகத் திருமணமானவர்கள் மனைவியின் பெயரோடு கணவர் பெயரைச் சேர்த்து பதிவு செய்துவிடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் பழைய பெயரே இருக்கும். பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் உள்ள எழுத்தை அப்படியே தட்டச்சு செய்யுங்கள். மாச்சு பிச்சு போகும் அன்று அசல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது நேரம். இரண்டு சீட்டையும் ஒரே பதிவில் எடுங்கள். நீங்கள் ஒன்று, அவர் ஒன்று என்று தனித்தனியாக எடுக்கப் போனால் இடையில் அந்த நேரம் தீர்ந்து, ஒருவர் எட்டு மணிக்கும் ஒருவர் பத்து மணிக்கும் போகும்படி ஆகிவிடும். மாச்சு பிச்சுவில் நேரம் மட்டும் அல்ல, எந்தச் சுற்று என்பதும் சீட்டில் இருக்கும். அகலத் தெரியும் அந்தப் புகழ்பெற்ற காட்சி எல்லாச் சுற்றிலும் வராது. படித்துவிட்டு எடுங்கள். பார்த்தினான் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றிலும் 2023 முதல் நேரம் குறித்த சீட்டுதான். கடும் வெயில் காலத்தில் நண்பகலில் மூடிவிடுவதும் உண்டு, அதனால் காலை முதல் நேரத்தையே பாருங்கள்.

அங்கோரில் ஒரு நாள், மூன்று நாள், ஏழு நாள் என அனுமதி அட்டைகள் உண்டு. மூன்று நாள் அட்டையைப் பத்து நாளுக்குள் விட்டு விட்டுப் பயன்படுத்தலாம். ஒரு நாள் கோயில், ஒரு நாள் ஓய்வு என்று வைத்துக்கொள்ள இது மிகவும் வசதி. தம்பதியருக்கு நாங்கள் எப்போதும் சிபாரிசு செய்வது இதையே.

கேள்வி: என்ன செருப்பு?

செருப்பு வேண்டாம், ஷூ. அடிப்பாகம் ரப்பர், ஆழமான வரிகள், கணுக்கால் பிடிமானம். புதிதாக வாங்கினால் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டு நடந்து பழகுங்கள். ஏதென்ஸிலும் எபேசஸிலும் லட்சக்கணக்கான கால்கள் தேய்த்த பளிங்கு, வெயிலிலேயே வழுக்கும், மழை பெய்தால் சொல்லவே வேண்டாம். கூர்முனைக் குதிகால் செருப்பைக் கிரேக்கத் தளங்களில் தடை செய்திருக்கிறார்கள். உடம்பின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் இறங்கிக் கல்லைக் குத்தும் என்பதே காரணம்.

கேள்வி: கூச்சத்தை விட்டுக் கேட்கிறேன். கழிவறை, மாதவிடாய் நாட்கள், இவற்றையெல்லாம் எப்படிச் சமாளிப்பது? யாரும் எழுதுவதில்லை.

நீங்கள் கேட்டது நல்லது. பெரும்பாலான தளங்களில் கழிவறை வாசலில் மட்டும் இருக்கும். மாச்சு பிச்சுவில் வாசலுக்கு வெளியே மட்டுமே, உள்ளே ஒன்றும் கிடையாது, வெளியே வந்தால் மறுபடி அனுமதியும் இல்லை. ஆகவே உள்ளே நுழையும் முன் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருவரும் போய்விட்டு வாருங்கள். கழிவறை தூரம் என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் பெண்கள் செய்யும் பெரிய தவறு. வெயிலில் தலைச்சுற்றலும் சிறுநீர்த் தொற்றும் அப்படித்தான் வருகின்றன. ஒரேயடியாகக் குடிக்காமல் கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மடக்கு குடியுங்கள். வெயில் காலத்தில் அரை நாளுக்கு ஆளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், கூடவே இரண்டு பொட்டலம் உப்பு–சர்க்கரைக் கரைசல் தூள்.

மாதவிடாய் நாளானால் நான்கு மணி நேரத்துக்கு மேல் மாற்ற வழியில்லாத ஒருவழிச் சுற்றை அன்றைக்கு வைக்க வேண்டாம். நாள் தள்ளியோ முந்தியோ வரலாம் என்பதால் தேவையானதை எப்போதும் பையில் வையுங்கள். இறுக்கி மூடும் பிளாஸ்டிக் உறை இரண்டு இருந்தால் பயன்படுத்தியதைத் திரும்ப எடுத்து வரலாம். பாழிடங்களில் குப்பைத்தொட்டி அரிது. கணவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் பையை நீங்கள் சுமங்கள், ‘இன்னும் கொஞ்சம்தான்’ என்று அவசரப்படுத்தாதீர்கள்.

கேள்வி: பெருவுக்குப் போகிறோம். இறங்கிய அன்றே குஸ்கோவைச் சுற்றிப் பார்த்துவிட்டு மறுநாள் மாச்சு பிச்சு என்று வைத்திருக்கிறோம். சரியா?

வரிசையைத் திருப்புங்கள். பலர் மாச்சு பிச்சுதான் உயரம் என்று நினைக்கிறார்கள். அது கடல் மட்டத்திலிருந்து 2,430 மீட்டர்தான். குஸ்கோ ஏறத்தாழ 3,400 மீட்டர். விமானத்திலிருந்து இறங்கிய அன்றே அங்கே படியேறினால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். குஸ்கோவில் இறங்கியதும் வண்டி பிடித்து, அதைவிடத் தாழ்வான ஒயந்தாய்தம்போ பக்கம் போய் இரண்டு இரவு தங்குங்கள். அங்கேயே அருமையான இன்காப் படிக்கட்டுகளும் சுவர்களும் உண்டு. பிறகு மாச்சு பிச்சு, கடைசியில் குஸ்கோ.

இருவரில் வலுவானவருக்கு உயர நோய் வராது என்பது தவறான எண்ணம். உடற்பயிற்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை. யாருக்குத் தலைவலி வந்தாலும் அது தீரும்வரை இன்னும் மேலே ஏறக் கூடாது. ஓய்வெடுத்தும் கூடினாலோ, நடை தடுமாறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்க வேண்டும், மருத்துவரையும் பார்க்க வேண்டும். அவரைத் தனியாக அறையில் விட்டுவிட்டு மற்றவர் சுற்றப் போவது ஆபத்து. முன்னெச்சரிக்கை மாத்திரையைக் கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், சல்ஃபா ஒவ்வாமை இருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு உயரம் பயம், எனக்கு மூடிய இடம் பயம். எகிப்துப் பிரமிடும் இலங்கையின் சிகிரியா பாறைக்கோட்டையும் பார்க்க ஆசை.

பெரிய பிரமிடுக்குள் ஏறும் பாதை ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரம்தான். குனிந்தபடியே ஏற வேண்டும். எதிரே ஆட்கள் வருவார்கள், காற்று புழுக்கமாக இருக்கும், போன வழியே திரும்ப வேண்டும். உள்ளே அரசன் அறையில் ஓவியமோ எழுத்தோ கிடையாது, வெறும் கருங்கல் சவப்பேழை ஒன்று. ஆகவே நீங்கள் வெளியே நின்றால் இழப்பது பெரிதில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். பாதி வழியில் பயம் பிடித்தால் பின்னால் வருபவர்களைத் தாண்டி இறங்குவது கடினம், அதனால் முடிவை வாசலிலேயே எடுங்கள். வண்ணம் பார்க்க வேண்டுமானால் லக்சரில் அரசர் பள்ளத்தாக்குக்குப் போங்கள். பல கல்லறைகளில் நிமிர்ந்து நடக்கும் அளவு அகலமும் உயரமும் உண்டு. பொதுச் சீட்டில் மூன்று கல்லறைகள் பார்க்கலாம். துத்தன்காமன், முதலாம் சேத்தி ஆகியோருக்குத் தனிச்சீட்டு.

சிகிரியாவில் சுமார் 1,200 படிகள். ஓவியங்களுக்கு ஏறும் சுருள் படியும் உச்சிக்கான இரும்புப் படிகளும்தான் பயம் தருபவை. சிங்கப் பாதங்கள் உள்ள மேடை அகலமானது. உங்கள் மனைவி அங்கே உட்கார்ந்து காத்திருக்கலாம். கீழே உள்ள நீர்த்தோட்டங்களே ஒரு மணி நேரத்துக்குத் தகும். பாறையில் குளவிக் கூடுகள் உண்டு, சத்தம் போடாதீர்கள் என்று பலகை வைத்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல.

கேள்வி: ஜோர்டானின் பாறை நகரமான பெட்ராவில் மழை வந்தால்?

உடனே நுழைவழியான சீக்கை விட்டு வெளியேறுங்கள். சுமார் 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் குறுகிய பாறைப் பிளவில் ஒதுங்க இடமில்லை. 1963-ல் அங்கே திடீர் வெள்ளத்தில் 20-க்கும் மேற்பட்ட பயணிகள் இறந்தார்கள். உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும் தொலைவில் மலையில் பெய்த மழை வந்து சேரும். காவலர்கள் போகச் சொன்னால் இன்னொரு படம் எடுத்துவிட்டு வருகிறேன் என்று நிற்காதீர்கள்.

கேள்வி: இருவரும் சேர்ந்த படம் நன்றாக வரவே மாட்டேன் என்கிறது.

கட்டடம் எந்தத் திசை பார்க்கிறது என்று முதல் நாளே பாருங்கள், பாதி வேலை முடிந்தது. அங்கோர் வாட் மேற்கு பார்த்தது. விடியலில் கோபுரத்துக்குப் பின்னால் சூரியன் வருவதால் நீங்கள் இருவரும் கறுப்பு நிழலாகத்தான் விழுவீர்கள். முகம் தெரிய வேண்டுமானால் பிற்பகல். பெட்ராவின் கருவூல முகப்புக்கு வெயில் காலையில் வரும், மடாலயத்துக்குப் பிற்பகலில். புடைப்புச் சிற்பத்தையும் கல்வெட்டையும் நண்பகலில் எடுக்காதீர்கள். சாய்வாக ஒளி விழும்போதுதான் செதுக்கலின் ஆழம் தெரியும்.

முக்காலிக்கும் ட்ரோனுக்கும் பெரும்பாலும் அனுமதி இல்லை. அலைபேசியைப் பழைய சுவரில் சாய்த்து வைக்காமல் உங்கள் பைமீது வைத்து பத்து நொடி டைமர் போடுங்கள். அல்லது எதிரில் வரும் ஜோடியை நீங்கள் முதலில் எடுத்துக் கொடுங்கள், அவர்களும் உங்களை அக்கறையாக எடுப்பார்கள். கல்லின் நிறத்தோடு கலந்துபோகாத ஒற்றை வண்ண உடை நல்லது. திருமண உடையோடு, படக்காரரோடு போனால் அது வணிகப் படப்பிடிப்பாகக் கணக்கிடப்படும், முன் அனுமதி வாங்க வேண்டும்.

அங்கோரில் இன்றும் வழிபாடு நடக்கிறது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், நெருக்கமான படங்கள் வேண்டாம். 2015-ல் அங்கே ஆடையின்றிப் படமெடுத்த பயணிகளை நாடு கடத்தினார்கள்.

கேள்வி: நினைவாக ஒரு சின்ன ஓட்டுச்சில்லு எடுத்தால் என்ன? எங்கள் பெயரை ஓரமாக எழுதினால்?

இரண்டும் குற்றம். அதைவிட, இரண்டும் திரும்பச் சரிசெய்ய முடியாதவை. 2023-ல் கொலோசியச் சுவரில் ஒரு பயணி தன் பெயரையும் காதலியின் பெயரையும் சாவியால் கீறினார். அது காணொளியாகப் பரவி, வழக்காயிற்று. ஓட்டுச்சில்லின் மதிப்பு அதில் இல்லை, அது கிடந்த இடத்தில் இருக்கிறது. எந்த மண் அடுக்கில், எந்தப் பொருளுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் காலத்தைக் கணிக்கிறார்கள். உங்கள் பைக்குள் போன நொடியில் அது வெறும் ஓடு. துருக்கி போன்ற நாடுகளில் விமான நிலையச் சோதனையில் பிடிபட்டால் பழம்பொருள் கடத்தல் என்றே வழக்குப் போடுவார்கள். பொம்பேய்க்கு, எடுத்துப் போன கற்களை மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. அந்தக் கல் எங்கிருந்து போனது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

சுவரோவியத்தைத் தொடாதீர்கள். மூச்சே போதும் கெடுக்க. 1940-ல் கண்டுபிடித்த பிரான்சின் லாஸ்கோ ஓவியக் குகையை 1963-ல் மூடியதற்குக் காரணம் பார்வையாளர்களின் மூச்சும் ஈரமும் விளக்கொளியும் கொண்டுவந்த கேடு. இன்று நாம் பார்ப்பது நகலை.

கேள்வி: கணவன் மனைவியாகச் சேர்ந்து பார்க்கவென்றே ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. எகிப்தில் அபு சிம்பெல் போகிறவர்கள் பெரிய கோயிலோடு திரும்பிவிடாமல் பக்கத்திலுள்ள சின்னக் கோயிலின் முகப்பைப் பாருங்கள். பல இடங்களில் அரசி அரசனின் முழங்கால் உயரத்துக்கே நிற்பாள். இங்கே நெஃபெர்தாரியின் சிலைகள் ராம்செஸின் சிலைகளுக்குச் சமமான உயரம். கெய்ரோவில் ரஹோதெப், நோஃப்ரெத் தம்பதியின் சிலைகள் 4,500 ஆண்டுகளுக்கும் முந்தியவை. கண்களில் படிகக்கல் பதித்திருப்பதால் நேரே நம்மைப் பார்ப்பது போல இருக்கும். ரோமில் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில், செர்வெதெரியிலிருந்து வந்த எத்ருஸ்கன் (ரோமர் ஆதிக்கத்துக்கு முன் இத்தாலியில் வாழ்ந்த மக்கள்) ‘தம்பதி சவப்பேழை’ உண்டு. விருந்தில் சாய்ந்திருக்கும் கணவனும் மனைவியும், அவர் கை அவள் தோளில். அங்கே திங்கட்கிழமை விடுமுறை.

நேபிள்ஸில் பொம்பேய் தம்பதியின் ஓவியம் ஒன்று இருக்கிறது. கணவன் கையில் ஏட்டுச்சுருள், மனைவி கையில் மெழுகுப் பலகையும் எழுத்தாணியும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாக இருவரும் தங்களைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். வட இத்தாலியின் மாந்துவாவில், 2007-ல் அருகிலுள்ள வால்தாரோவில் கிடைத்த இரண்டு எலும்புக்கூடுகள், முகத்தோடு முகம் நெருங்கி, சுமார் 6,000 ஆண்டுகளாக.

ஆனால் வழிகாட்டிகள் சொல்லும் காதல் கதைகளை அப்படியே நம்பாதீர்கள். பொம்பேயில் கட்டிப்பிடித்தபடி இறந்த இருவரை அக்கா தங்கை, தாய் மகள் என்றெல்லாம் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2024-ல் வெளியான மரபணு ஆய்வு, அவர்களில் ஒருவராவது ஆண் என்று காட்டியது.

கேள்வி: வழிகாட்டி வைத்துக்கொள்ளலாமா, ஒலிக்கருவி போதுமா?

முதல் முறை போகும் பெரிய தளத்துக்கு உரிமம் பெற்ற வழிகாட்டியை இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் பேசி வைத்து, மீதி நேரம் நீங்களே சுற்றுங்கள். அடையாள அட்டையைப் பாருங்கள். எந்த மொழி, எத்தனை மணி நேரம், எந்தெந்தப் பகுதி, கடைக்கு அழைத்துப் போவாரா என்ற நான்கையும் வாசலுக்கு வெளியிலேயே கேளுங்கள். ‘இன்று மூடிவிட்டார்கள், வேறு இடம் காட்டுகிறேன்’ என்று தெருவில் சொல்பவரை நம்பாமல் சீட்டுக் கவுண்டர் வரை நடந்து பாருங்கள்.

ஒலிக்கருவி வைத்தால் இருவரும் ஆளுக்கொரு காதணியோடு தனித்தனி உலகத்தில் நடப்பீர்கள். ஒரு கருவியை மட்டும் எடுத்து, ஒருவர் கேட்டுவிட்டு மற்றவருக்குத் தன் சொல்லில் சொல்லட்டும். அடுத்த நிறுத்தத்தில் கருவி கை மாறட்டும்.